ஒற்றைக் கூம்பு ஸ்பீக்கர் ஜோடிக்கு 38,000 ரூபாய் தகுமா?

சுருதிப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். போன ஞாயிறு, ஸ்பீக்கர் செய்து விற்கும் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். 18 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு 10 செ.மீ. காகிதக் கூம்பு. மேல்சுரங்களுக்கென்று தனி ட்வீட்டர் இல்லை, ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்றும் உள்ளே இல்லை. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் கம்பி நேராக டிரைவருக்கு, அதாவது கூம்பை அசைத்து ஒலி எழுப்பும் உறுப்புக்கு, போகிறது.

ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டார். பாடகி ஆலாபனையைத் தொடங்குமுன் மூச்சை இழுத்தது என் முன்னால் உட்கார்ந்து இழுத்ததுபோல் கேட்டது. அந்தப் பதிவை நூறு முறையாவது கேட்டிருப்பேன், அந்த மூச்சை ஒரு முறைகூடக் கவனித்ததில்லை. இருபது நிமிடம் கேட்டுவிட்டு மனமில்லாமல் எழுந்து வந்தேன். ஜோடிக்கு 38,000 ரூபாய் கேட்கிறார்.

வீட்டில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 22,000 கொடுத்து வாங்கிய இருவழி ஸ்பீக்கர்கள் (கீழ்ச்சுரத்துக்கு வூஃபர், மேல்சுரத்துக்கு ட்வீட்டர் என இரண்டு டிரைவர்) இருக்கின்றன. அறை 11க்கு 12 அடி. ஸ்பீக்கர்களைச் சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும். ஆம்ப்ளிஃபையர் 20 வாட். கேட்பது பெரும்பாலும் வாய்ப்பாட்டு, வயலின், பழைய வானொலி உரைகள்.

ஒரு வாரம் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று நம்பிக்கையோடு கொடுத்தனுப்பியிருக்கிறார். இந்த ஒரு வாரத்தில் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்? அவசரப்பட்டு வாங்கிவிடக் கூடாது என்றுதான் இங்கே கேட்கிறேன்.

இருவழிப்பாதை

வாங்காதீர்கள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

10 செ.மீ. டிரைவரில் காற்றைத் தள்ளும் பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. அதை மூடிய பெட்டியில் வைத்து, சுவரில் பதித்ததுபோல் நிறுத்தினாலும், ஒரு மீட்டர் தூரத்தில் 50 ஹெர்ட்ஸில் 85 டெசிபெல் கிடைக்கக் கூம்பு முன்னும் பின்னும் 5 மி.மீ.க்கு மேல் அசைய வேண்டும். இந்த அளவில் உள்ள பழைய பாணிக் காகிதக் கூம்புகள் பலவற்றுக்கு ஒலி சிதையாமல் அசையும் தூரம் 1 மி.மீ.கூடக் கிடையாது. 100 ஹெர்ட்ஸில் அதே ஒலிக்கு 1.3 மி.மீ. போதும். ஒவ்வொரு ஆக்டேவ் கீழே போகும்போதும், அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும்போதும், நான்கு மடங்கு அசைவு கேட்கிறது. பெட்டியில் துளை வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம், ஆனால் இயற்பியலை ஏமாற்ற முடியாது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அப்படி ஆடிக்கொண்டிருக்கும் அதே கூம்புதான் வயலினின் மேல் ஸ்தாயியையும் பாட வேண்டும். கீழ்ச்சுரம் மேல்சுரத்தைக் கலைக்கும். வேலையைப் பிரித்துக் கொடுக்கத்தான் வூஃபர், ட்வீட்டர் என்று இரண்டு வைத்தார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் காரணமில்லாமல் அப்படிச் செய்துகொண்டிருக்கவில்லை.

38,000க்குப் பாதி பேஸும் பாதி ட்ரெபிளும் இல்லாத பெட்டி எதற்கு?

மரத்தூள்

இருவழிப்பாதை ஐயாவின் கணக்கு சரி. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டேதான் நான் பதினான்கு ஆண்டுகளாக ஒற்றைக் கூம்புப் பெட்டிகள் செய்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இருவழி ஸ்பீக்கரில் வூஃபர் விட்டு ட்வீட்டர் எடுத்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் வருகிறது. நம் செவி மிகக் கூர்மையாக இருக்கும் பகுதிக்கு அது மிக அருகில் இருக்கிறது. ஒரே மனிதனின் குரல், அந்த இடத்தில் இரண்டு வேறு பொருள்களால் ஆன, இரண்டு வேறு இடத்தில் பதித்த டிரைவர்களுக்கிடையே கைமாறுகிறது. நன்றாகச் செய்த கிராஸ்ஓவரில் தையல் தெரியாது. விலை குறைந்தவற்றில் ‘ச’ வரும் இடமெல்லாம் குரல் ஒரு முழம் மேலே ஏறி இறங்கும். ஒரு முறை அதைக் கவனித்துவிட்டால் அப்புறம் அது காதை விட்டுப் போகாது. ஒற்றைக் கூம்பில் அந்தத் தையலே இல்லை. சுருதிப்பெட்டி கேட்ட மூச்சு அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

இது ஏழையின் மாற்றுவழியும் அல்ல. பிரிட்டனில் பால் வாய்ட் என்ற பொறியாளர் தொடங்கி லௌதர் நிறுவனத்தின் பெயரில் தொடர்ந்த மரபு இருக்கிறது. பெரிய கூம்பின் நடுவே சிறு கூம்பை ஒட்டி மேல்சுரங்களை எடுத்த மரபு அது. டெட் ஜோர்டான் 1960களிலேயே உலோகக் கூம்பில், எல்லாச் சுரத்தையும் ஒன்றே பாடும் சின்ன ஃபுல்ரேஞ்ச் டிரைவர் செய்தார். ஜப்பானில் ஃபோஸ்டெக்ஸ் நிறுவனத்தின் எஃப்இ 103 டிரைவர் வந்தது 1964இல். அதன் வாரிசுகள் இன்றும் விற்கின்றன. ஆரடோன் 5சி என்ற குட்டிப் பெட்டியில் 4.5 அங்குல டிரைவர் ஒன்றுதான் இருந்தது. பெரிய ஸ்டூடியோக்களில் அதை மேசைமேல் வைத்து, குரல் இசையில் மூழ்குகிறதா மிதக்கிறதா என்று அதில்தான் சரிபார்த்தார்கள்.

நம் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவிலும் ஒற்றை ஸ்பீக்கர்தான் இருந்தது. செய்தி வாசித்தவர் அறைக்குள் நின்று வாசித்ததுபோல் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் ஏக்கம் என்று நான் தள்ளிவிடுவதில்லை.

அளவுகோல்

இருவரும் சொன்னது உண்மை. ஆனால் சுருதிப்பெட்டி கேட்டது எப்படி மதிப்பிடுவது என்று. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

முதல் வேலை, ஒலியளவைச் சமப்படுத்துவது. இதைச் செய்யாமல் எந்த ஒப்பீட்டையும் தொடங்காதீர்கள். இந்த மாதிரி டிரைவர்களின் உணர்திறன், அதாவது ஒரு மீட்டரில் கேட்கும் ஒலியளவு, ஒரு வாட்டுக்கு 89 டெசிபெல் அளவில் இருக்கும். உங்கள் இருவழி 85 என்று வைத்துக்கொண்டால், வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்திருந்தாலும் புதியது 4 டெசிபெல் உரக்கப் பாடும். சற்றே உரக்க ஒலிப்பதைச் செவி ‘தெளிவு’ என்றும் ‘உயிர்ப்பு’ என்றும் எடுத்துக்கொள்ளும். கைபேசியில் இலவச ஒலிமானிச் செயலி கிடைக்கிறது. அதன் எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை, இரண்டையும் ஒப்பிட அது போதும். பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுரங்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஓட்டி, நீங்கள் உட்காரும் இடத்தில் அரை டெசிபெல்லுக்குள் சமப்படுத்துங்கள்.

இரண்டாவது, பார்க்காமல் கேளுங்கள். ஒலி ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது கேட்பவர்கள் கொடுத்த மதிப்பெண்களும் திரைக்குப் பின்னால் வைத்தபோது கொடுத்த மதிப்பெண்களும் வேறாக இருந்தன. கேட்டுப் பழகியவர்களும் பழகாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். வீட்டில் ஒருவரைக் கம்பி மாற்றச் சொல்லி, முன்னால் மெல்லிய பருத்திச் சேலையைத் திரையாகக் கட்டினால் போதும். கனத்த பட்டு வேண்டாம், அது ட்ரெபிளைத் தின்றுவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பெட்டி 18 செ.மீ. அகலம், உள்ளே எந்தச் சுற்றும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இதைப் பாருங்கள். மேல்சுரங்களுக்கு அலைநீளம் சிறியது, பெட்டியின் முகப்பு அவற்றை முன்பக்கம் மட்டும் திருப்பி அனுப்பும். கீழ்ச்சுரங்களுக்கு அந்த முகப்பு ஒரு தடையே இல்லை, அவை பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். இந்த அகலத்துக்கு 640 ஹெர்ட்ஸ் அருகில் இந்த மாற்றம் நடக்கிறது. திறந்த வெளியில் கணக்கிட்டால் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிட 6 டெசிபெல் வரை மெலியும். சுவர் அருகில் வைத்தால் அதில் கொஞ்சம் திரும்ப வரும், முழுவதும் வராது. இருவழி ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரில் இதற்கான ஈடு வழக்கமாகச் சேர்ந்தே இருக்கும். ‘இடையில் எதுவுமே இல்லை’ என்று பெருமையாகச் சொல்லும் பெட்டியில் இருக்காது.

நீங்கள் கேட்ட தெளிவில் எவ்வளவு டிரைவரின் நேர்மை, எவ்வளவு கீழ்ப்பகுதி இல்லாததால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதற்குப் பணம் கொடுக்கலாம். இரண்டாவதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

இருவழிப்பாதை

அளவுகோல் சொன்ன மூன்றாவதைத்தான் நான் வேறு சொற்களில் சொன்னேன். மெலிந்த ஒலியைத் தெளிந்த ஒலி என்று விற்கிறார்கள்.

தம்புராநாதம்

எனக்கு மின்சுற்று தெரியாது. முப்பது ஆண்டுகளாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். கேட்பதற்கான சில வழிகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வெறும் தம்புராவைப் போடுங்கள், பாட்டு வேண்டாம். ஆண் குரலுக்கு ஒரு கட்டை சுருதியில் சேர்த்த தம்புராவில் நடுவில் உள்ள இரண்டு சாரணைத் தந்திகள் 131 ஹெர்ட்ஸ் அளவில் பேசும். நான்காவது தந்தியான மந்தர ஷட்ஜம் அதில் பாதி, 65. சின்ன ஸ்பீக்கரால் 65ஐ முழுமையாகத் தர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தத் தந்தியை மீட்டியதும் மந்தர ஷட்ஜம் மனத்தில் கேட்கும். அந்தத் தந்தியில் தானாக எழும் மேற்சுரங்களான ஸ்வயம்புக்கள் ஒழுங்காக வந்தால், அவற்றின் இடைவெளியிலிருந்து கீழே உள்ள சுரத்தைச் செவி தானே கட்டிக்கொள்ளும். கேட்க வேண்டியது இதைத்தான்: நான்காவது தந்தி மற்ற மூன்றுக்கும் அடித்தளமாக உட்காருகிறதா, அல்லது நான்கும் ஒரே தளத்தில் வரிசையாக நிற்கின்றனவா? பின்னது என்றால் அந்த ஸ்பீக்கரில் என்னால் அரை மணி நேரம்கூடப் பாட்டுக் கேட்க முடியாது. குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலால் எழும் அந்த ரீங்காரம் ஒரு நீண்ட பட்டு இழையாக அவிழ வேண்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் திடீரென்று ஒளிர்ந்து துருத்திக்கொண்டால், அந்தக் கூம்பு அங்கே தன் சொந்தக் குரலைச் சேர்க்கிறது என்று பொருள்.

அடுத்து மிருதங்கத் தனி ஆவர்த்தனம். வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே உள்ள கருஞ்சாந்தினால்தான் அந்தத் தோலின் மேற்சுரங்கள் ஒழுங்கான வரிசையில் அமைகின்றன என்று சி. வி. ராமன் 1920இலேயே எழுதினார். மற்ற மேளங்களில் இரைச்சலாக வருவது மிருதங்கத்தில் சுரமாக வருகிறது. வலந்தலையில் சாப்பு என்ற அடி விழும்போது சுருதி கேட்க வேண்டும், வெறும் ‘டக்’ போதாது. இடப்பக்கத் தோலான தொப்பியில் கையை அழுத்திக் கும்கி இழுக்கும்போது, அதில் பூசிய ரவைப் பசையின் கனத்தோடு ஒலி வளைந்து ஏற வேண்டும். சின்ன ஸ்பீக்கர்களில் தட்டியது மட்டும் கேட்கும், வளைவு காணாமல் போய்விடும்.

மூன்றாவது, பெண் குரல் தார ஸ்தாயியில் நிற்கும் இடம். பஞ்சமத்தைத் தொட்டு நிற்கும்போது நீங்கள் கண்ணைச் சுருக்குகிறீர்களா என்று பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காது பொய் சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

சுருதிப்பெட்டி

மூன்று நாள் ஆகிவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒலியளவைச் சமப்படுத்தாமல் முதல் நாள் கேட்டபோது புதியதுதான் வென்றது, சந்தேகமே இல்லை. சமப்படுத்தியதும் இடைவெளி பாதியாகக் குறைந்தது. என் தங்கை கம்பியை மாற்ற, நான் சேலைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பன்னிரண்டு முறை கேட்டேன். வெறும் குரலிலும் பேச்சிலும் ஒற்றைக் கூம்பையே தேர்ந்தேன், பத்து முறை. என் பழைய ஸ்பீக்கரில் குரல் இரண்டு துண்டாக வருகிறது என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

தம்புராச் சோதனையில் எனக்கு வருத்தம். ஐயா சொன்ன அந்தப் பின்னதுதான் நடந்தது. நான்கு தந்திகளும் வரிசையாக நிற்கின்றன. மிருதங்கத்தில் சாப்புக்குச் சுருதி அழகாகக் கேட்கிறது, ஆனால் தொப்பி அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கிறது. மூன்றாம் நாள் இரவு ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் நாற்பது நிமிடத்துக்குமேல் உட்கார முடியவில்லை. காது களைத்துவிட்டது. தலையை ஒரு சாண் நகர்த்தினால் ட்ரெபிள் மங்குவதையும் கவனித்தேன்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அந்த மூச்சை நினைத்தால் கை வர மறுக்கிறது.

புதியகாது

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புது ஸ்பீக்கரை இருநூறு மணி நேரம் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்களே?

அளவுகோல்

கூம்பைப் பிடித்திருக்கும் விளிம்பும் உள்ளே உள்ள துணி வளையமும் தொடக்கத்தில் சற்றுத் தளரும். அதனால் டிரைவரின் ஒத்ததிர்வு கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான். 640 ஹெர்ட்ஸில் பெட்டியின் அகலத்தால் வரும் மெலிவு இரண்டாயிரம் மணி நேரம் ஓட்டினாலும் மாறாது, ஏனென்றால் பெட்டி அகலமாகப் போவதில்லை. அந்த இருநூறு மணி நேரத்தில் பழகுவது பெரும்பாலும் கேட்பவரின் காதுதான்.

சுருதிப்பெட்டி அவர்களே, திருப்பிக் கொடுக்குமுன் ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் எழுதிய நான்கு குறைகளில் இரண்டு ஒரே காரணத்தால் வருபவை. தம்புரா தளமில்லாமல் நிற்பதும் காது களைப்பதும் அந்த ஈடு செய்யப்படாத சரிவினால்தான். 0.8 மில்லிஹென்றி காயில் (கம்பிச்சுருள்) ஒன்றையும் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றையும் இணையாகச் சேர்த்து, அந்த ஜோடியை ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் தொடராக வையுங்கள். டிரைவர் 8 ஓம் என்று வைத்துச் சொல்கிறேன். கீழ்ச்சுரங்கள் காயில் வழியாக அப்படியே போகும். மேல்சுரங்கள் ரெசிஸ்டர் வழியாகப் போக நேர்வதால் ஏறக்குறைய 4 டெசிபெல் தணியும். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை, வெளியிலேயே சேர்த்துப் பார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில் ரெசிஸ்டர் உடனே கிடைக்கும், காயிலைச் சுற்றித் தரச் சொல்ல வேண்டியிருக்கலாம். இந்தச் சுற்றுக்கு விலை உண்டு: ஸ்பீக்கரின் 89 டெசிபெல் 85 ஆகிவிடும். உங்கள் அறைக்கும் 20 வாட்டுக்கும் அது போதும்.

தலையை நகர்த்தினால் ட்ரெபிள் மங்குவது வேறு கதை. 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 செ.மீ.தான். 10 செ.மீ. டிரைவரில் உண்மையில் அசையும் 8 செ.மீ. கூம்பு அந்த ஒலியை டார்ச் வெளிச்சம்போல் குவித்து அனுப்பும். ஸ்பீக்கர்களை உங்கள் முகத்தை நோக்கி நேராகத் திருப்பாதீர்கள். இரண்டின் நேர்க்கோடுகளும் உங்கள் தலைக்கு ஓரடி முன்னால் வெட்டிக்கொள்ளுமாறு வையுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்க ஸ்பீக்கர் ஈடுகொடுக்கும்.

தொப்பியின் கனத்துக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. அங்கே இருவழிப்பாதையின் கணக்குதான் வெல்கிறது.

மரத்தூள்

விலையைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

சுருதிப்பெட்டி தனி மடலில் டிரைவரின் பெயரைச் சொன்னார். அந்த ஜோடி இன்று இணையத்தில் 11,000க்குக் கிடைக்கிறது. 12 மி.மீ. நல்ல பிளைவுட், துல்லியமான வெட்டு, மேலே ஒட்டிய தேக்கு வெனீர், டெர்மினல் எல்லாம் சேர்த்து 6,000 முதல் 7,000 ஆகும். அதாவது 18,000 ரூபாய்ப் பொருள். மீதி 20,000 செய்தவரின் உழைப்பு. இதைக் கேட்டு ‘கொள்ளை’ என்று யாரும் எழுத வேண்டாம். மூலைகளை இழைப்புளியால் சீவி, வெனீரைக் குமிழ் வராமல் ஒட்டி, உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து ஒரு ஜோடி முடிக்க எனக்கு நான்கு முழு நாள் ஆகிறது. தச்சரின் கூலியை மரத்தின் எடையில் கணக்கிடக் கூடாது.

ஆனால் ஸ்பீக்கர் வெறும் மரப்பெட்டியும் அல்ல. வாங்குபவர் பணம் கொடுப்பது மூன்றுக்கு: டிரைவருக்கு, தச்சு வேலைக்கு, ஒலியைச் சரிசெய்த வேலைக்கு. இங்கே மூன்றாவது நடக்கவே இல்லை. ‘இடையில் எதுவும் இல்லை’ என்பதைக் கொள்கையாகச் சொல்லி அந்த வேலையைத் தவிர்த்திருக்கிறார். நானும் முதல் ஐந்தாறு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ரெசிஸ்டரைச் சேர்த்தால் உயிர் போய்விடும் என்று நம்பினேன். சேர்த்துக் கேட்ட நாளில்தான் எதை உயிர் என்று நினைத்திருந்தேன் என்பது புரிந்தது.

பெட்டியைத் தட்டிப் பாருங்கள், விரல் முட்டியால், பக்கவாட்டுச் சுவரின் நடுவில். மந்தமான குட்டைச் சத்தம் வந்தால் தச்சு வேலை நன்று. மேசையைத் தட்டியதுபோல் நீண்டு ஒலித்தால் அந்த ஒலி எல்லாப் பாட்டிலும் கலந்திருக்கும். நன்றாக இருந்தால் 26,000, 27,000 வரை நியாயம் என்பேன்.

இருவழிப்பாதை

அந்த விலைக்கென்றால் என் எதிர்ப்பு குறைகிறது. நாதஸ்வரமும் தவிலும் கோயிலில் கேட்கும் அளவுக்கு வேண்டும் என்பவர்கள், மேற்கத்திய வாத்தியக் குழு கேட்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்பதை மட்டும் இந்த இழையைப் படிக்கப்போகிறவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். அங்கே 10 செ.மீ. கூம்பு திணறும்.

சுருதிப்பெட்டி

காயில் சுற்றி வர இரண்டு நாள் ஆனது. நேற்று மாலை சேர்த்தேன்.

முதல் ஐந்து நிமிடம் ஏமாற்றமாக இருந்தது. ஏதோ திரை போட்டதுபோல். ஒலியளவை 4 டெசிபெல் கூட்டியதும்தான் புரிந்தது. தம்புராவின் நான்காவது தந்தி இப்போது கீழே உட்கார்ந்துவிட்டது. பாடகியின் மூச்சு இருக்கிறது, முன்பைவிடச் சற்றுப் பின்னால், அவருடைய நெஞ்சிலிருந்து வருவதுபோல். முன்பு அது உதட்டிலிருந்து மட்டும் வந்தது. கச்சேரி முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன், மங்களம் வரை. தொப்பி இன்னும் இலேசுதான்.

செய்தவரை இன்று காலை வீட்டுக்கு அழைத்தேன். சுற்றுடனும் சுற்றில்லாமலும் அவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார். அரை மணி நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு காயிலின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டார். 27,000க்கு முடிந்தது. இனிச் செய்யும் பெட்டிகளில் சுற்றை உள்ளேயே வைக்கப்போகிறாராம், வேண்டாதவர்கள் கழற்றிவிடும்படி.

ஒரு சந்தேகம். இந்தச் சுற்றை நான் பெட்டிக்குள் வைக்கலாமா, வெளியிலேயே இருக்கட்டுமா?

மரத்தூள்

உள்ளே வைக்கலாம். காயிலை டிரைவரின் காந்தத்திலிருந்து ஒரு சாணாவது தள்ளி, பெட்டியின் அடிப்பலகையில் பொருத்துங்கள். இரும்புத் திருகு காயிலின் நடுவே போகக் கூடாது, பித்தளைத் திருகோ பிளாஸ்டிக் பட்டையோ பயன்படுத்துங்கள். ரெசிஸ்டர் சூடாகும். அதை மரத்தோடு ஒட்டாமல் அரை அங்குலம் தூக்கி வையுங்கள், உள்ளே திணித்திருக்கும் பஞ்சு அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப மூடும்போது டிரைவரின் திருகுகளை ஒரேயடியாக இறுக்காமல் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிளைவுட்டில் திருகுப்பல் ஒரு முறை அறுந்தால் பிறகு பிடிக்காது.